வருவாய்க் காப்பா, விலைக் காப்பா? அமெரிக்கப் பண்ணை மானியத்தில் நில உரிமையாளரின் தேர்வு

இல்லினாய் மாநிலத்தின் மெக்லீன் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), அமெரிக்காவில் மக்காச்சோளம் மிக அதிகமாக விளையும் கவுண்டிகளில் ஒன்று. அங்குள்ள ப்ளூமிங்டன்-நார்மல் இரட்டை நகரத்தில் வேலை நிமித்தமாகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் சிலர் சேமிப்பை விளைநிலத்தில் போட்டு, உள்ளூர் விவசாயியிடம் வாரத்துக்கு, அதாவது விளைச்சலைப் பங்கிடும் குத்தகைக்கு, விட்டிருக்கிறார்கள். வேளாண் துறையின் கவுண்டி அலுவலகத்தில் தேர்வுப் படிவத்தை நீட்டும்போது அவர்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: ஏஆர்சி எனப்படும் வருவாய்க் காப்பில் சேர்வதா, பிஎல்சி எனப்படும் விலைக் காப்பில் சேர்வதா?

இரண்டும் 2014-ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டத்தில் பிறந்தவை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இரண்டின் எண்களையும் பெரிதாக மாற்றிவிட்டது. 2025 பயிருக்கு மட்டும் எது அதிகமோ அதையே அரசு தானாகக் கொடுக்கும் என்று அச்சட்டம் சொல்கிறது. 2026 பயிரிலிருந்து தேர்வு மறுபடியும் நம் கையில். பழைய எண்களை வைத்து எழுதப்பட்ட அறிவுரைகளைப் படித்து முடிவெடுப்பவர்கள் இப்போது தவறான பக்கம் சாய வாய்ப்பு இருக்கிறது என்பதால், கணக்கை முதலிலிருந்தே போட்டுப் பார்ப்பது நல்லது.

## அதற்கு முன்: பணம் உங்களுக்கு வருமா?

நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு விட்டிருந்தால் இந்த மானியம் முழுவதும் குத்தகைதாரருக்கே போகும், தேர்வும் அவருடையதே. உரிமையாளருக்கு அதில் கிடைப்பது, மானியம் வரும் என்ற நம்பிக்கையில் குத்தகைத் தொகை சற்று உயர்ந்து நிற்பது மட்டும்தான். வாரத்துக்கு விட்டிருந்தால், விளைச்சலை எந்த விகிதத்தில் பிரிக்கிறீர்களோ அதே விகிதத்தில் மானியமும் பிரியும். இல்லினாயில் பாதிக்குப் பாதி என்பது பழகிய வழக்கம். பங்கு உள்ள எல்லோரும் ஒரே தேர்வுக்கு உடன்பட வேண்டும் என்பதால், உழுபவரோடு உட்கார்ந்து பேசாமல் தனியாக முடிவெடுக்க முடியாது.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர், நிலம், முதலீடு இரண்டோடு தன் உடலுழைப்பையும் கணிசமாகப் பண்ணையில் செலுத்தினால் ஒழிய இந்த மானியத்துக்குத் தகுதி பெறமாட்டார். எச்-1பி விசாவில் அலுவலக வேலை பார்ப்பவருக்கு அது நடைமுறையில் இயலாத காரியம். அவருக்கு வேறொரு கடமையும் உண்டு: வெளிநாட்டவரின் விளைநில உடைமையைப் பதிவு செய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலம் வாங்கிய 90 நாட்களுக்குள் வேளாண் துறைக்கு அறிக்கை தர வேண்டும். தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை போகலாம். சில டாலர் மானியத்துக்காக எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் இந்த அறிக்கை கொடுக்கப்பட்டதா என்று பார்ப்பது அதிக அவசரமான வேலை.

வருமான வரம்பும் உண்டு. மூன்று ஆண்டுச் சராசரியாகச் சரிக்கட்டிய மொத்த வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டினால் பொதுவாக மானியம் இல்லை. ஒருவருக்கான உச்சவரம்பு 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 டாலராக உயர்த்தப்பட்டிருக்கிறது. நூறு, இருநூறு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை தேவையில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

இரண்டு திட்டங்களையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம். பணம் எதனால் வருகிறது: விலை விழுந்தாலா, வருவாய் விழுந்தாலா? அந்த வீழ்ச்சி எங்கே அளக்கப்படுகிறது: நாடு முழுவதிலுமா, கவுண்டியிலா, உங்கள் வயலிலா? அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும்? எப்போது கைக்கு வரும்? உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பயிர்க் காப்பீடு எந்த இழப்பைக் கவனித்துக்கொள்கிறது?

இரண்டுக்கும் பொதுவான விஷயங்களை இங்கேயே சொல்லிவிடலாம். பணம் இந்த ஆண்டு விதைத்த ஏக்கருக்கு இல்லை. பண்ணையின் பழைய பயிர் வரலாற்றை வைத்துப் பதிவான அடிப்படை ஏக்கருக்குத்தான். கோதுமை அடிப்படை உள்ள நிலத்தில் இன்று சோயா மட்டுமே விளைந்தாலும் கோதுமைக் கணக்கில்தான் பணம் வரும். அந்த அடிப்படை ஏக்கரிலும் 85 விழுக்காட்டுக்கே கொடுப்பார்கள். பிறகு வரவுசெலவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பேரில் 5.7 விழுக்காடு பிடித்தம் போகும்.

பணம் வரும் காலம் இன்னும் கடினமானது. 2026-இல் அறுவடையாகும் மக்காச்சோளத்தின் விற்பனை ஆண்டு 2027 ஆகஸ்ட் இறுதியில்தான் முடிகிறது. ஆகவே மானியம் 2027 அக்டோபருக்குப் பிறகே வரும். வறட்சி வந்த ஆண்டில் நிலக்கடன் தவணை கட்ட இந்தப் பணம் உதவாது.

## விலைக் காப்பு: பிஎல்சி

இதன் விதி எளிது. நாடு தழுவிய ஆண்டுச் சராசரி விலை, அரசு வைத்திருக்கும் குறியீட்டு விலைக்குக் கீழே போனால், அந்த வித்தியாசத்தை உங்கள் பண்ணையின் பிஎல்சி விளைச்சலால் பெருக்கித் தருவார்கள். உங்கள் கவுண்டியில் மழை பெய்ததா, பொய்த்ததா என்பது கணக்கிலேயே வராது.

சட்டப்படியான குறியீட்டு விலை, புஷல் என்ற தானிய அளவை ஒன்றுக்கு, மக்காச்சோளத்துக்கு 3.70 டாலரிலிருந்து 4.10 டாலருக்கும், சோயாவுக்கு 8.40-இலிருந்து 10.00-க்கும், கோதுமைக்கு 5.50-இலிருந்து 6.35-க்கும் உயர்ந்துள்ளது. இதற்கு மேல் ஓர் ஏற்றமும் உண்டு: ஐந்து ஆண்டு விலைகளில் உச்சத்தையும் அடியையும் நீக்கி, எஞ்சிய மூன்றின் சராசரியில் 88 விழுக்காடு சட்ட விலையைவிட அதிகமாக இருந்தால் அதுவே குறியீட்டு விலையாகும், ஆனால் சட்ட விலையின் 115 விழுக்காட்டைத் தாண்டாது. மக்காச்சோளத்துக்கு இந்தக் கணக்கில் வருவது சுமார் 4.42 டாலர்.

இதன் பலம், விலை ஆழமாக விழுந்தால் தெரியும். சந்தை விலை, அரசு விளைபொருளை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுக்கும் விலைக்குச் (கடன் விலை) சரியும் வரை கொடுப்பனவு ஏறிக்கொண்டே போகும். 2016-இல் கோதுமை 3.89 டாலருக்கு விழுந்தபோது பிஎல்சி புஷலுக்கு 1.61 டாலர் கொடுத்தது. கான்சஸ் கோதுமைக்காரர்கள் அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு பிஎல்சி விளைச்சல் என்ற எண்ணில் இருக்கிறது. அது இன்றைய விளைச்சல் இல்லை, பல ஆண்டுகளுக்கு முன் பதிவாகி உறைந்துபோனது. 2013 முதல் 2017 வரையிலான விளைச்சலை வைத்து அதைப் புதுப்பிக்க நில உரிமையாளருக்கு 2020-இல் ஒரு வாய்ப்பு வந்தது. முந்தைய உரிமையாளர் அதைத் தவறவிட்டிருந்தால் அந்தக் குறை நிலத்தோடு சேர்ந்தே உங்களிடம் வந்திருக்கும். வயலில் ஏக்கருக்கு 210 புஷல் விளையும்போது ஏட்டில் 160 இருந்தால், ஒவ்வொரு கொடுப்பனவிலும் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு காணாமல் போகும். நிலம் வாங்கும்போது பத்திரத்தைப் பார்க்கும் கவனத்தோடு இந்த எண்ணையும் பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## வருவாய்க் காப்பு: கவுண்டி அளவிலான ஏஆர்சி

இங்கே விலையோடு விளைச்சலும் சேர்ந்து அளக்கப்படும். ஐந்து ஆண்டு விலைச் சராசரியை, உச்சமும் அடியும் நீக்கி, அதே முறையில் எடுத்த கவுண்டி விளைச்சல் சராசரியால் பெருக்கினால் அடிப்படை வருவாய் கிடைக்கும். இந்த ஆண்டுக் கவுண்டி வருவாய் அதில் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் குறைவை ஈடுகட்டுவார்கள். முன்பு இது 86 விழுக்காடாக இருந்தது. அதிகபட்சக் கொடுப்பனவு அடிப்படை வருவாயில் 12 விழுக்காடு, முன்பு 10. சமீப ஆண்டுகளின் கவுண்டி விளைச்சலை எடுத்துக்கொள்வதால் பழைய உறைந்த எண்ணின் குறை இதில் இல்லை.

இதன் பலவீனங்கள் இரண்டு. முதலாவது அந்த 12 விழுக்காட்டு மூடி: விலை பாதியாகச் சரிந்தாலும் அதற்கு மேல் ஒரு காசும் வராது. இரண்டாவது, கவுண்டியின் நல்ல விளைச்சல் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை அடித்து, கவுண்டியின் மற்ற பகுதிகள் அமோகமாக விளைந்தால், ஏஆர்சி உங்களுக்கு ஒன்றும் தராது. கவுண்டிக் கோட்டின் இந்தப் பக்கம் இருப்பவருக்குப் பணம் வந்து, சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வராமல் போவதும் இதனால்தான். 2014-க்குப் பிந்தைய ஆண்டுகளில் எழுந்த மனக்கசப்புகளில் இது முக்கியமானது.

## இரண்டையும் ஒரே வயலில் நிறுத்திப் பார்த்தால்

கீழே உள்ளது ஒரு மாதிரிக் கணக்கு. விலைச் சராசரி 5.03 டாலர், கவுண்டி அடிப்படை விளைச்சல் 210 புஷல், பண்ணையின் பிஎல்சி விளைச்சல் 160 புஷல், குறியீட்டு விலை 4.42 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 5.03 என்பது 2020 முதல் 2024 வரையிலான மக்காச்சோள விலைகளில் உச்சமான 6.54-ஐயும் அடியான 4.24-ஐயும் நீக்கிவிட்டு வருவது. விளைச்சல் எண்கள் இரண்டும் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. தொகைகள் அடிப்படை ஏக்கர் ஒன்றுக்கு, 85 விழுக்காட்டு விதியைச் சேர்த்துக் கணக்கிட்டவை; 5.7 விழுக்காட்டுப் பிடித்தம் கழிக்காதவை.

| சூழல் | விலை (டாலர்) | கவுண்டி விளைச்சல் (புஷல்) | ஏஆர்சி (டாலர்) | பிஎல்சி (டாலர்) |
|---|---|---|---|---|
| விலை சற்று மந்தம், வழக்கமான விளைச்சல் | 4.20 | 210 | 58 | 30 |
| விலை மந்தம், அமோக விளைச்சல் | 4.00 | 231 | 23 | 57 |
| நல்ல விலை, கவுண்டியில் வறட்சி | 5.00 | 168 | 94 | 0 |
| விலை பெரும் வீழ்ச்சி, வழக்கமான விளைச்சல் | 3.40 | 210 | 108 | 139 |
| நல்ல விலை, வழக்கமான விளைச்சல் | 5.20 | 210 | 0 | 0 |

இந்த மாதிரிப் பண்ணையில், விளைச்சல் வழக்கம்போல் இருக்கும்வரை விலை சுமார் 3.63 டாலருக்குக் கீழே போனால்தான் பிஎல்சி முந்தும். பிஎல்சி விளைச்சல் கவுண்டி அளவுக்கே, அதாவது 210-ஆகவே இருந்திருந்தால் அந்த எல்லை சுமார் 3.82-க்கு உயர்ந்திருக்கும். ஏட்டில் உள்ள ஒரு பழைய எண் முடிவை எவ்வளவு தூரம் நகர்த்துகிறது பாருங்கள். ஆகவே அக்கம்பக்கத்தார் எதில் சேர்ந்தார்கள் என்று கேட்டு அதையே எழுதிக் கொடுப்பது சரியான வழியாகாது. அவர்களுடைய எண் வேறு, உங்களுடைய எண் வேறு.

## ஏஆர்சியின் நினைவு தேய்ந்துபோகும்

ஒப்பீடுகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் செய்தி இது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏஆர்சியின் பலம் முழுவதும் அந்த ஐந்து ஆண்டுச் சாளரத்துக்குள் எந்த விலைகள் இருக்கின்றன என்பதில் இருக்கிறது.

2014-இல் நடந்ததைப் பாருங்கள். அப்போது சாளரத்தில் 2012 வறட்சியின் 6.89 டாலரும், 2011-இன் 6.22 டாலரும் இருந்தன. விலைச் சராசரி 5.29 டாலராக நின்றது. நாட்டின் மக்காச்சோள அடிப்படை ஏக்கரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் ஏஆர்சியில் சேர்ந்தது. அந்த ஆண்டின் சராசரி விலை 3.70, குறியீட்டு விலையும் அதேதான் என்பதால் பிஎல்சி ஒன்றும் தரவில்லை, ஏஆர்சி பல கவுண்டிகளில் தாராளமாகக் கொடுத்தது. ஆனால் அன்றைய சட்டப்படி அந்தத் தேர்வு 2018 வரை மாற்ற முடியாதது. நல்ல விலைகள் ஒவ்வொன்றாகச் சாளரத்தை விட்டு வெளியேற, 2016-லும் 2017-லும் விலை 3.36-இல் கிடந்தபோது நல்ல விளைச்சல் கண்ட பல கவுண்டிகளில் ஏஆர்சி வறண்டுபோனது. பிஎல்சியில் சேர்ந்திருந்த சிலருக்கோ புஷலுக்கு 34 சென்ட் வந்தது.

இன்றும் அதே ஓட்டம்தான் தொடங்கியிருக்கிறது. 2021-இன் 6.00 டாலர் 2027 கணக்கு வரை சாளரத்தில் இருக்கும். 2028 கணக்கில் அது வெளியேறிவிடும், 2022-இன் 6.54 உச்சம் என்ற பெயரில் நீக்கப்படும். பிறகு எஞ்சுவது 4.55, 4.24 போன்ற விலைகளும் அவற்றுக்குப் பின் வருபவையும்தான். விலைச் சராசரி 4.40 அளவுக்கு இறங்கினால், வழக்கமான விளைச்சலில் ஏஆர்சி விழித்துக்கொள்ளும் விலை 3.96 ஆகிவிடும், பிஎல்சியோ சட்ட விலையான 4.10-இலேயே தொடங்கிவிடும். 2014-இல் இல்லாத நன்மை ஒன்று இப்போது உண்டு: தேர்வை ஒவ்வோர் ஆண்டும் மாற்றலாம். மாற்றாவிட்டால் பழைய தேர்வு தொடரும். ஆனால் சேர்க்கைப் படிவத்தில் ஆண்டுதோறும் கையெழுத்திட வேண்டும், அதை மறந்தால் அந்த ஆண்டுப் பணம் போய்விடும்.

## தனிப் பண்ணை அளவிலான ஏஆர்சி

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. அது மிகச் சிலருக்கே பொருந்தும். கவுண்டி விளைச்சலை விட்டுவிட்டு உங்கள் பண்ணையின் எல்லாப் பயிர்களின் வருவாயையும் சேர்த்து அளப்பார்கள். ஆனால் 85-க்குப் பதில் 65 விழுக்காடு அடிப்படை ஏக்கருக்கே பணம். பயிர்வாரியாகப் பிரித்துத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. ஆற்றோரத்தில் அடிக்கடி வெள்ளம் ஏறும் நிலம், கவுண்டியின் பொது விளைச்சலோடு ஒருபோதும் ஒத்துப்போகாத நிலம் ஆகியவற்றுக்கு இது கைகொடுக்கும். 2019 வசந்தத்தில் மழை விடாமல் பெய்து விதைக்கவே முடியாமல் போன பண்ணைகள் சிலவற்றுக்கு இதுவே நல்ல தேர்வாக அமைந்தது.

## பயிர்க் காப்பீட்டோடு சேர்த்துப் பார்க்க

பிஎல்சிக்கு ஆதரவாக முன்பு சொல்லப்பட்ட வலுவான வாதம் எஸ்சிஓ என்ற துணைக் காப்பீடு. கவுண்டி அளவில் இழப்பை அளக்கும் அந்தக் காப்பீட்டை ஏஆர்சியில் சேர்ந்த ஏக்கருக்கு வாங்க முடியாது என்ற தடை இருந்தது. 2026 பயிரிலிருந்து அந்தத் தடை நீங்கிவிட்டது. பிரீமியத்தில் 80 விழுக்காட்டை அரசே ஏற்கிறது. எனவே எஸ்சிஓ வேண்டும் என்பதற்காக மட்டும் பிஎல்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை.

ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம்: எஸ்சிஓ விதைத்த ஏக்கரைக் காக்கிறது, ஏஆர்சியும் பிஎல்சியும் அடிப்படை ஏக்கரைப் பார்க்கின்றன. வாரத்துக்கு விட்ட உரிமையாளர் தன் பங்குக்குத் தனியாகக் காப்பீடு எடுக்கலாம். எடுத்திருந்தால் வறட்சி இழப்பின் பெரும்பகுதியை அது கவனித்துக்கொள்ளும். அப்போது மானியத் திட்டத்திடமிருந்து நமக்குத் தேவைப்படுவது நீண்டகால விலைச் சரிவுக்கான துணைதான், அதில் பிஎல்சி வலுவானது. காப்பீடே எடுக்காதவருக்கு விளைச்சலையும் சேர்த்துப் பார்க்கும் ஏஆர்சி கூடுதலாக உதவும்.

## கோதுமை நிலம் என்றால் கணக்கு வேறு

கோதுமையின் உலகத் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் கான்சஸின் சம்னர் கவுண்டியில் மேலே போட்ட மக்காச்சோளக் கணக்கை அப்படியே கொண்டுபோய் வைக்க முடியாது. கோதுமையின் குறியீட்டு விலை 6.35, 2024 பயிரின் சராசரி விலை 5.52. ஏஆர்சியின் விலைச் சராசரி சுமார் 6.98 என்பதால் வழக்கமான விளைச்சலில் அது 6.28 டாலருக்குக் கீழேதான் தொடங்கும். பிஎல்சி அதற்கு முன்பே 6.35-இல் தொடங்குகிறது, ஏஆர்சிக்கு உள்ளது போன்ற 12 விழுக்காட்டு மூடியும் அதற்கு இல்லை. கவுண்டி முழுவதும் வறட்சி அடித்து, அதே ஆண்டில் விலையும் பெரிதாக விழாமல் நின்றால்தான் பெரும்பாலும் ஏஆர்சி முந்தும். அப்படிப்பட்ட ஆண்டுகள் கான்சஸுக்குப் புதியவை அல்ல; ஆனாலும் அந்த அபாயத்துக்குப் பயிர்க் காப்பீடு பொருத்தமான கருவி என்பதால் கோதுமை அடிப்படைக்கு நான் பிஎல்சியையே சொல்வேன்.

## ஆக, யாருக்கு எது?

மக்காச்சோள, சோயா அடிப்படை உள்ள இல்லினாய் நிலம், பிஎல்சி விளைச்சல் கவுண்டி விளைச்சலைவிட மிகவும் குறைவு, காப்பீடும் மெலிந்தது என்றால், 2026, 2027 ஆகிய இரண்டு பயிர்களுக்கும் கவுண்டி அளவிலான ஏஆர்சி பொருத்தமாகத் தெரிகிறது. பிஎல்சி விளைச்சல் புதுப்பிக்கப்பட்டிருந்து, நல்ல காப்பீடும் கையில் இருந்து, கடன் சுமை காரணமாக விலைப் பெருவீழ்ச்சி ஒன்றுதான் உங்களைச் சாய்க்கக்கூடியது என்றால் இப்போதே பிஎல்சி நல்லது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் மக்காச்சோளத்தை ஒன்றிலும் சோயாவை மற்றொன்றிலும் வைக்கலாம். பயிர்வாரியாகப் பிரிக்கச் சட்டம் இடம் தருகிறது. 2028-இல் எல்லோரும் கணக்கை மறுபடி போட வேண்டும்.

மானியம் வாங்குவோரின் பெயரும் தொகையும் பொதுத் தகவல் என்பதும் தெரிந்திருக்கட்டும். சுற்றுச்சூழல் செயற்குழு என்ற அமைப்பு 1995 முதலான விவரங்களைக் கவுண்டிவாரியாகத் தொகுத்து வெளியிடுகிறது. அயலார் பார்ப்பார்களே என்று கூசுபவர்கள் சேருவதற்கு முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். என் பார்வையில் இது மக்கள் வரிப்பணம். யாருக்கு எவ்வளவு போகிறது என்பது வெளியில் தெரிவதே முறை.

கவுண்டி அலுவலகத்துக்குப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது 156 ஈஇசட் என்ற பண்ணைப் பதிவுத் தாள். ஒவ்வொரு பயிருக்கும் எத்தனை அடிப்படை ஏக்கர், என்ன பிஎல்சி விளைச்சல் என்பது அதில் அச்சிட்டிருக்கும். மேலே உள்ள அட்டவணையில் 160 இருக்கும் இடத்தில் அந்த எண்ணையும், 210 இருக்கும் இடத்தில் உங்கள் கவுண்டியின் எண்ணையும் வைத்து, உழுபவரோடு சேர்ந்து ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.